மச்சான் தராசில் ஏறாத வருசம்

என் அக்கா புருசனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அக்கா சண்டைக்கு வருவாள். எனக்கு அவர் மச்சான், அது போதும். மச்சானைக் கேலி பண்ண மச்சினிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் அவருக்கு எடை போடும் வேலை. உளுந்து, துவரை, மல்லி, வத்தல் என்று எது வந்தாலும் மூட்டையை இரும்புப் பிளாட்பாரத் தராசில் ஏற்றச் சொல்வார். மேலே கம்பியில் இருக்கும் குண்டை நகர்த்தி, கம்பி ஆடி நின்றதும் எடையைச் சத்தமாகக் கூவுவார். கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். மூட்டை இறங்கியதும் இவர் ஏறுவார். காலையில் வந்ததும் ஏறுவார், டீ குடித்துவிட்டு ஏறுவார், கொல்லைப் பக்கம் போவதற்கு முன்னால் ஏறுவார், போய்விட்டு வந்தும் ஏறுவார். இறங்கி வந்து, "நூறு கிராம் குறைஞ்சிருக்கேன்" என்று லோடுமேன்களிடம் சொல்வார். அவர்களுக்கு அந்தத் தகவல் எதற்கு என்று நான் பலதடவை யோசித்திருக்கிறேன்.

அக்காவுக்கு மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எடை பார்த்துச் சொன்னார்கள். இவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், பருப்பு நிறுக்கிற சின்னத் தராசில் வைத்துவிட்டார். திரும்பி வந்தபோது பிள்ளையின் தொடையில் துவரம்பருப்புத் தூசி ஒட்டியிருந்தது. அக்கா தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கண்ணு பொய் சொல்லும். டாக்டரு பொய் சொல்லுவாரு. தராசு சொல்லாது புள்ள" என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், எங்கே வேலை என்று எல்லாரும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் மட்டும் அவரை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் சொன்னார்: "எழுபத்திரண்டு இருப்பாரு தாயி. நல்ல மனுசன்."

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் கபடி. எங்கள் பக்கம் பங்குனி, சித்திரை வந்தால் கோயில் பொங்கலும் கபடிப் போட்டியும் சேர்ந்தே வரும். அதில் எடைக் கபடி என்று ஒன்று உண்டு. அறுபது கிலோ ஆட்டம் என்றால், அறுபதுக்கு மேல் இருப்பவன் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் தராசில் ஏற்றிப் பார்த்துவிடுவார்கள். மச்சான் சும்மா இருக்கும்போது அறுபத்து மூன்று, அறுபத்து நாலு இருப்பார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்த மூன்றையும் நாலையும் எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். அந்த வாரம் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது.

வீடு ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில். கல்யாணம் ஆகிறவரை நானும் அங்கேதான் இருந்தேன். நானும் அக்காவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே ஷெட்டில், அடுத்தடுத்து உட்கார்ந்து திரி செருகினோம். அதனால் மச்சான் தின்றது, தின்னாதது எல்லாவற்றுக்கும் நான் கண் கண்ட சாட்சி.

ஒரு வருசம் வெள்ளரிக்காய் மட்டும். சாத்தூரிலிருந்து கூடையோடு வாங்கி வந்தார். "வெள்ளரிக்கா பூராத் தண்ணி தாயி. தண்ணி எடை ஏறாது" என்றார். ஒரு எடைக்காரர் பேசுகிற பேச்சா இது? ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"தூக்கிப் பாருங்க மச்சான். ஏறுதா, ஏறலையான்னு சொல்லுங்க."

"அது வேற தண்ணி" என்றார்.

மூன்று நாளில் மண்டியில் குண்டை நகர்த்தும்போதே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மண்டி முதலாளி கூப்பிட்டு, "என்னப்பா, வீட்டுல சண்டையா? சோறு போடலையா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி ஊருக்குள் வந்து சேர்ந்தபோது, அக்கா புருசனைப் பட்டினி போடுகிறவள் ஆகிவிட்டாள்.

அடுத்த வருசம் முட்டை வெள்ளைக்கரு. மஞ்சள் கொழுப்பாம், ஆகாதாம். அவர் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டில் உருட்டிவைப்பார். தூரப்போட அக்காவுக்கு மனசு வராது. எனக்கும் பிள்ளைக்கும் மூன்று வேளையும் மஞ்சள்கருக் குழம்பு, மஞ்சள்கருப் பொரியல். முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதற்கடுத்த வருசம் கொள்ளு. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பழமொழி வேறு. அந்த வாரம் முழுக்க டவுன் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. "மச்சான், எங்க கம்பெனிப் பக்கம் வந்துறாதீக. அங்கன இருக்கிற வெடிமருந்தே போதும்" என்றேன். அக்கா அடக்க முடியாமல் சிரித்ததில் அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் எடை பார்க்கிறவரைதான். தராசிலிருந்து இறங்கிய கால் நேராகப் பரோட்டாக் கடைக்குப் போகும். எங்கள் ஊர்ப் பரோட்டா கல்லில் சுடுகிறது இல்லை, எண்ணெயில் முங்கிப் பொரிகிறது. அதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் நனைத்து, ஒரு வாரப் பட்டினிக்கும் சேர்த்து அடுக்கிவிட்டு ஆட வருவார். வந்து ஓரத்தில் நின்று ஏப்பம் விடுவார். தராசு பொய் சொல்லாது என்கிற மனுசர், வருசா வருசம் தராசுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதை அவரிடமே சொன்னேன்.

"பொய் இல்ல தாயி. தந்திரம்."

"தந்திரமா? கபடி பாடிப் போயி கோட்டத் தாண்டுறதுக்குள்ள மூச்சு போகுதே, அது என்ன தந்திரம்?"



அப்போதெல்லாம் இது சிரிப்பு விஷயம்தான். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி சொந்தமாக ஒரு கபடி டீம் வைக்கப்போகிறார் என்று செய்தி வந்ததும் சிரிப்பு நின்றது. அறுபது கிலோ டீம். சேர்கிறவனுக்குக் கம்பெனி குடோனில் நிரந்தர வேலை. மழைக்கு மூடினாலும் மாசச் சம்பளம் வரும். மண்டி வேலை அப்படி இல்லை. வரத்து இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. மூட்டை வராத மாதங்களில் அக்கா திரி செருகுகிற காசில்தான் அடுப்பு எரிந்தது. எங்கேயோ ஒரு சத்தம் கேட்டால் எந்தக் கம்பெனி என்று கேட்டுக்கொண்டு தெருவே ரோட்டுக்கு ஓடுகிற ஊர் இது. அக்காவுக்கு அந்த ஷெட்டை விட்டு எழுந்து வர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பட்டாசு டப்பா ஒட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"இவருக்கு அந்த வேலை கெடச்சா, மறுநாளே மருந்துல கை வைக்கிறத விட்டுருவேன்" என்று என்னிடம் சொன்னாள். அக்கா ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

மச்சான் அந்தத் தடவை வெள்ளரிக்காயும் தின்னவில்லை. எதுவுமே தின்னவில்லை. கடைசி நாள் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பொட்டலைச் சுற்றிச் சுற்றி ஓடினார். புளியை வாயில் அடக்கிக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தார். எச்சில்கூட எடைதானாம். ஆள் எடுக்கிற அன்று தராசில் ஏறினார். அறுபதுக்குக் கீழே நின்றது. கையைத் தூக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தார். கன்னம் ஒட்டி, பல் மட்டும்தான் தெரிந்தது.

பிறகு ஆட்டம். முதல் தடவை பாடிப் போனார். எதிர்ப் பக்கம் பள்ளிக்கூடம் முடித்து வந்த ஒரு பையன், அவரை நோக்கிக் கையை நீட்டினான். அவ்வளவுதான். இவர் முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அந்தப் பையன் பயந்துபோய், "அண்ணே, நான் தொடவே இல்லண்ணே" என்றான்.

கம்பெனி சார்பில் ஆள் எடுக்க வந்தவர் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டார். "எடை சரியா இருக்கு. ஆளு சரியில்ல. அடுத்த வருசம் வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எங்களுக்கு வலித்தது.

மறுவாரம் மச்சான் சிவகாசியில் ஒரு ஜிம்முக்குப் போய், சாப்பாட்டு அட்டை ஒன்று வாங்கி வந்தார். சிவகாசியில் எதற்கும் நாலு கலரில் அச்சடித்துவிடுவார்கள். அட்டை பளபளவென்று இருந்தது. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், தோல் உரித்த கோழி நெஞ்சு, ப்ரோக்கோலி. மளிகைக் கடையில் போய் ப்ரோக்கோலி கேட்டிருக்கிறார். "அண்ணாச்சி, இது மெடிக்கல்ல கெடைக்கும், அங்கன கேளுங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். மெடிக்கலில் டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

அக்கா அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இத எத்தன நாளைக்கித் திம்பீக?"

"போட்டி வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எப்பவும் போல."

"அப்ப வேண்டாம்" என்றாள். "விடியமுன்ன எந்திரிச்சு ஒரு உலை வச்சிட்டு வேலைக்கி ஓடுறேன். உங்களுக்குன்னு ரெண்டாவது உலை வைக்க என்னால ஆகாது. இனிமே இந்த வீட்டுல ஒரே உலை. எல்லாரும் திங்கிறதத்தான் நீங்களும் திங்கணும். இன்னிக்கித் திங்கிறத அடுத்த வருசமும் திங்க முடியும்னா தின்னுங்க. முடியாதுன்னா தொடாதீக."

அவள் யோசனை சொல்லவில்லை. அலுப்பில் கத்தினாள். ஆனால் கத்தினதை அப்படியே செய்தாள்.

காலையில் கேப்பைக் கூழ், வெங்காயம். மத்தியானம் சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை, ஒரு முழு முட்டை. முழு முட்டை என்றால் மஞ்சளோடு. சோற்றுக் குவியலைக் கொஞ்சம் குறைத்தாள். சாயங்காலம் அணைக்கரையில் ஓடிவிட்டு வந்தால் அவித்த தட்டாம்பயறு. ஞாயிற்றுக்கிழமை கறி. சனிக்கிழமை பரோட்டாவுக்கு அனுமதி உண்டு. நான் எதிர்த்தேன். "அத நிறுத்துனா மனுசன் திருடித் திம்பாருடி. தெரிஞ்சே தின்னுட்டுப் போறாரு" என்றாள்.

மச்சான் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை. மண்டியிலிருந்து ஒரு கைத்தராசைத் தூக்கிக்கொண்டு வந்து சோற்றை நிறுக்கப்போனார். அக்கா அகப்பையை ஓங்கினாள்.

"இந்த வீட்டுல தட்டு தராசுல ஏறக் கூடாது. நீங்களும் ஏறக் கூடாது. போட்டியன்னிக்கி ஏறுங்க, போதும்."

"நான் எப்படிப் புள்ள ஏறாம இருக்கது? நாள் பூரா அது பக்கத்துலதானே நிக்கேன்!"

"சாராயக் கடைக்கிப் பக்கத்து வீட்டுக்காரன்லாம் குடிக்கவா செய்றான்?"

சொன்னதோடு விடவில்லை. மண்டிக்கே போய் லோடுமேன்களிடம் சொல்லிவைத்தாள்: "அண்ணே, இவரு தராசுல ஏறுனா எனக்குச் சொல்லி அனுப்புங்க." அவர்களுக்குக் கொண்டாட்டம். இவர் ஒரு காலைத் தூக்கித் தராசுப் பக்கம் வைத்தாலே நாலு பேர் விசில் அடித்தார்களாம். ஆரம்பத்தில் பீடி விட்டவன் மாதிரி இருந்தார். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்று, கால்மாற்றிக் கால்மாற்றித் தன் கனத்தைத் தானே யோசித்துப் பார்ப்பார். பிறகு மெல்ல மெல்ல அதுவும் போய்விட்டது. அணைக்கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்காமல் என்னிடம் வம்பு பேசுவார். மூச்சுப் பிடித்துப் பாடிக் காட்டுவார். பிள்ளை கைதட்டும். சட்டை தோளில் பிடிக்கிறது என்று அக்காவிடம் தையலைப் பிரிக்கச் சொன்னார். அப்போதே எனக்கு அந்த அறுபது ஞாபகம் வந்தது.

தேர்வு நாள் வந்தது. எடை பார்க்கத் தராசு வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் மச்சான் வேலை பார்த்த மண்டியிலேயே கேட்டிருந்தார்கள். தராசை லோடு ஆட்டோவில் ஏற்றி, பொட்டலில் இறக்கி, சமமான இடம் பார்த்து நிறுத்தி, எடைக்கல் வைத்துச் சரிபார்த்தது எல்லாம் இவர்தான். "நீயே நிறுத்துச் சொல்லிருப்பா, உன்னளவுக்கு யாருக்குத் தெரியும்" என்றார்கள். ஒவ்வொருவனாக ஏற, இவர் குண்டை நகர்த்திக் கூவினார். இவரோடு ஆடின பழைய கூட்டாளி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். கம்பெனி ஆள் தள்ளிப் பந்தலில் இருந்தார்.

கடைசியில் இவர் முறை. சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒரு வருசத்துக்குப் பிறகு ஏறுகிறார். எட்டிக் கையை நீட்டி, தானே குண்டை நகர்த்தினார். அறுபதில் வைத்தார். கம்பி மேலேயே நின்றது, இறங்கவில்லை. கொஞ்சம் தள்ளினார். இன்னும் கொஞ்சம்.

கூட்டாளி தலையைத் தூக்காமலே சொன்னார்: "அறுபதுன்னு சொல்லுலே. நான் எழுதிக்கிறேன். எவன் பாக்கப்போறான்?"

மச்சான் கம்பி ஆடி நிற்கிறவரை காத்திருந்தார். பிறகு உளுந்து மூட்டைக்குக் கூவுகிற அதே குரலில் பொட்டலே கேட்கக் கூவினார்: "அறுபதே முக்கால்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெண்கள் நிற்கிற இடத்திலிருந்து முன்னால் ஓடினேன். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. எடை கூடிப்போன மற்ற பையன்கள் மறுபடி ஏறிப் பார்க்க ஸ்வெட்டரோடு ஓடிக்கொண்டும் துப்பிக்கொண்டும் இருந்தார்கள்.

"மச்சான், முக்காக் கிலோதான்! ஓடுங்க! துப்புங்க! எம்புட்டு தடவ செஞ்சிருக்கீக!"

"முக்காக் கிலோவ எறக்குனா அதோட ஆளும் எறங்கிருவேன் தாயி. போன வருசம் பாத்தேல்ல?"

"அக்கா, நீயாவது சொல்லேன்!"

அக்கா அவரைப் பார்த்தாள். அவருடைய தோள், கை, வயிறு எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். அந்த முக்கால் கிலோ அவள் உலையில் வெந்தது. பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தாள். "பசிக்கா?" என்று கேட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து, சோறும் பருப்பும் முட்டையும் நிதானமாகத் தின்றார். சுற்றி ஓடின பையன்கள் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள்.

சாயங்காலம் எடைக் கணக்கு இல்லாத ஆட்டம் ஒன்று சும்மா நடந்தது. அதில் ஒரு பக்கம் ஆள் குறைந்தது என்று இவரைக் கூப்பிட்டார்கள். மலை மாதிரி ஆட்கள். அவர்களுக்கு நடுவில் இவர் கடைசிவரை நின்றார். ஒரு தடியனை மூன்று பேர் பிடிக்க முடியாமல் விட்டபோது, இவர் ஒற்றை ஆளாகக் கணுக்காலைப் பிடித்துக் கோட்டுக்குள்ளேயே படுக்க வைத்தார். நான் கைதட்டவில்லை. எனக்கு அந்த ஆட்டத்தால் என்ன லாபம்? குடோன் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

திரும்புகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம், நடுவில் அவர், இந்தப் பக்கம் நான். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"உங்களுக்கு வருத்தமே இல்லையா மச்சான்?"

"இல்லாம இருக்குமா? போன வருசம் வருத்தமும் இருந்துச்சு, பசியும் இருந்துச்சு. இந்த வருசம் ஒண்ணுதான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரி" என்றேன். "நல்லாச் சிரி. இன்னும் எத்தன வருசத்துக்கு அந்த ஷெட்டுல உக்காந்திருக்கப்போறேன்னு சொல்லிட்டுச் சிரி."

சிரிப்பு நின்றது. கொஞ்ச தூரம் போனபிறகு மச்சான் சொன்னார்: "மூட்ட தூக்கப் போறேன்."

"என்னது?"

"மண்டியில எடை போடுறவனுக்குக் கெடைக்கிறது கொஞ்சம். மூட்ட ஏத்தி எறக்குறவனுக்கு அதவிடப் பாதிக்குமேல கூட. நாலு வருசமாக் கேக்காக, லோடுமேனா வாரியான்னு. அப்பல்லாம் ஒரு மூட்டயத் தூக்கிட்டு ரெண்டாவதுக்கு உக்காந்துருவேன். இப்ப முடியும்."

"தூக்கிப் பாத்தீகளா?" என்று அக்கா கேட்டாள்.

"ம். உனக்குத் தெரியாம."

"தராசுல ஏறலைல்ல?"

"மூட்டயத்தான் ஏத்துனேன்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்பப் பயறு கூட ஒரு பிடி நனையப் போடணும்" என்றாள். அதற்குமேல் அந்தக் குடோன் வேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை. வேலை பறிபோன குடும்பம் மாதிரியே இல்லை.

அவர் சொன்னபடி செய்தார். அடுத்த தீபாவளி சீசனுக்கு அக்கா ஷெட்டுக்கு வரவில்லை. வீட்டில் டப்பா ஒட்டினாள். நான் மட்டும் தனியாகப் பஸ் ஏறிப் போய், யாரோ ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகினேன். அந்தக் கோபம் மச்சான் மேல் எனக்கு இன்னும் உண்டு.